லைசென்ஸ் கையில், வேலை எங்கே? இடைவெளி விட்ட விமானி திரும்பும் வழி

விமானிகள் போதவில்லை என்று ஒரு செய்தி. படித்து முடித்த விமானிகள் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று இன்னொரு செய்தி. இரண்டும் ஒரே வாரத்தில் வருவதுண்டு. அடுத்த 20 ஆண்டுகளில் உலகத்துக்கு 674,000 புதிய விமானிகள் தேவை என்று போயிங் நிறுவனம் 2024-இல் கணித்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், வேலை போன கேப்டன் ஒருவர் மலேசியாவின் சுபாங்கில் சீருடையோடு நின்று கறி மீ விற்ற படம் உலகச் செய்திகளில் வந்தது.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்தக் குழப்பம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பால்மரம் வெட்டிய தாத்தா, செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா, மகாத்மா காந்தி கலாசாலையில் படித்து எஸ்.பி.எம். முடித்துப் பறப்புப் பள்ளிக்குப் போன மகன் என்று வளர்ந்த குடும்பங்கள். செலவு சுமார் 3 லட்சம் வெள்ளி, சில இடங்களில் அதற்கும் மேல். வீட்டை அடமானம் வைத்தோ, சேமநிதியை எடுத்தோ கட்டியது. இப்போது கிராப் வாடகைக் கார் ஓட்டும் அந்த மகனிடம் கல்யாண வீட்டில் மாமா ஒருவர் கேட்பார்: "ஏன்பா தம்பி, லைசென்ஸ்தான் கையில இருக்கே, அப்புறம் எதுக்கு கிராப் ஓட்டுற?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்ல, லைசென்ஸ் என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரே தாள் என்று நினைப்பது

பயணிகள் விமானத்தில் ஒருவர் விமானியாக உட்கார, கீழே உள்ள அத்தனையும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தேதி.

1. லைசென்ஸ். இதில் இரண்டு படி. முதலாவது வணிக விமானி லைசென்ஸ், சி.பி.எல். பறப்புப் பள்ளியை முடித்து வருபவரிடம் இருப்பது இது. கூடவே 150 முதல் 200 மணி நேரப் பறப்பு. அடுத்தது ஏர்லைன் விமானி லைசென்ஸ், ஏ.டி.பி.எல். கேப்டனாக இது வேண்டும். குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஏ.டி.பி.எல். எழுத்துத் தேர்வுகளை முடித்துவிட்டு மணிக்கணக்கு சேரக் காத்திருப்பவரை 'ஃப்ரோஸன் ஏ.டி.பி.எல்.' என்பார்கள்.

2. கருவிப் பறப்புத் தகுதி. மேகத்துக்குள், இருட்டில், வெளியே எதையும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கானது. பொதுவாக ஓராண்டுதான் ஆயுள். சோதனையில் தேறினால் நீளும்.

3. டைப் ரேட்டிங். ஏர்பஸ் ஏ320 ஓட்டியவர் நாளைக்கே போயிங் 737-இல் ஏற முடியாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனிப் பயிற்சி, தனிச் சோதனை. இதற்கும் ஓராண்டுக் கணக்குதான்.

4. முதல் வகுப்பு மருத்துவச் சான்று. 12 மாதம். 60 வயதைத் தாண்டினால் 6 மாதம்.

5. ஆங்கிலத் தேர்ச்சி. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐ.சி.ஏ.ஓ. வகுத்த அளவுகோலில் குறைந்தது 4ஆம் நிலை. அந்த நிலையில் இருப்பவருக்கு 3 ஆண்டுக்கு ஒரு முறை மறுதேர்வு, 5ஆம் நிலைக்கு 6 ஆண்டு, 6ஆம் நிலை எட்டியவருக்கு மறுதேர்வே இல்லை.

6. அண்மை அனுபவம். கடந்த 90 நாளில் அதே வகை விமானத்தில் மூன்று முறை ஏற்றி மூன்று முறை இறக்கியிருக்க வேண்டும். அங்கீகரித்த சிமுலேட்டரில், அதாவது தரையில் நிற்கும் மாதிரி விமான அறையில், செய்தாலும் கணக்கில் சேரும்.

7. நிறுவனச் சோதனைகள். ஆண்டுக்கு இரண்டு முறை சிமுலேட்டர் சோதனை. அதோடு அவசரகால வெளியேற்றப் பயிற்சி, குழுவாக வேலை செய்யும் பயிற்சி, ஆபத்தான சரக்குகள் பற்றிய வகுப்பு. இவை நிறுவனத்தின் செலவில், நிறுவனத்தின் அட்டவணைப்படி நடப்பவை. வேலை போனால் இவையும் அன்றோடு நிற்கும்.

மாமாவின் கண்ணுக்குத் தெரிவது முதலாவது மட்டும். மற்ற ஆறும் காலாவதியாகிவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஏர்லைனில் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்காவில் விமானிச் சான்றுக்குக் காலாவதித் தேதியே கிடையாது. அங்கேயும் மருத்துவமும் அண்மை அனுபவமும் இல்லாமல் பறக்க முடியாது என்பதால் முடிவு ஒன்றுதான்.

இடைவெளி நீள நீள

எத்தனை காலம் விலகி இருந்தால் என்ன பாதிப்பு என்பதற்கு ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையின் விதிகளும் வழிகாட்டுதல்களும் தெளிவான அளவுகோல். மலேசியாவில் முடிவு சொல்ல வேண்டியது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், அதாவது சி.ஏ.ஏ.எம். தன் நிலை என்ன என்பதை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதே சரி. முன்னாள் சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வரும் பதில் நேர்முகத் தேர்வில் உதவாது.

ஐரோப்பியக் கணக்கு நெடுங்காலமாக ஏறக்குறைய இப்படி இருந்துவந்தது. டைப் ரேட்டிங் காலாவதியாகி 3 மாதத்துக்குள் என்றால் கூடுதல் பயிற்சி இல்லாமலே சோதனைக்குப் போகலாம். ஓராண்டுக்குள் என்றால் குறைந்தது இரண்டு பயிற்சி அமர்வுகள். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை மூன்று அமர்வுகள். மூன்றாண்டைத் தாண்டினால், அந்த விமானத்தை முதன்முதலில் கற்றபோது செய்த முழுப் பயிற்சியையும் மறுபடி செய்ய வேண்டும். இப்போது பயிற்சி மையம் ஆளைப் பார்த்து அளவை முடிவு செய்ய அதிக இடம் தருகிறார்கள். ஆனாலும் மூன்றாண்டு என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனதில் வைத்திருக்கும் கோடு.

அதைவிட அதிகம் பேசப்படாத கோடு ஒன்று உண்டு: ஏழாண்டு. கருவிப் பறப்புத் தகுதி ஏழாண்டு புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் அதன் எழுத்துத் தேர்விலும் பறப்புத் தேர்விலும் மறுபடி தேற வேண்டும். ஃப்ரோஸன் ஏ.டி.பி.எல். வைத்திருப்பவருக்கு இது இன்னும் மோசம். அவருடைய எழுத்துத் தேர்வுகளின் ஆயுள், கருவிப் பறப்புத் தகுதி கடைசியாக உயிரோடு இருந்த நாளில் இருந்து ஏழாண்டு மட்டுமே.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். ஏ320 துணை விமானி, 1,300 மணி நேரம், 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தரையிறங்கியவர், அந்த ஆண்டே வேலை போனது. எல்லைகள் 2022 ஏப்ரல் 1-இல் முழுதாகத் திறந்தபோது இவருக்கு அழைப்பு வரவில்லை. டைப் ரேட்டிங்கும் கருவிப் பறப்புத் தகுதியும் 2021-இல் முடிந்துவிட்டன என்றால், மூன்றாண்டுக் கோட்டை 2024-இலேயே தாண்டிவிட்டார். முழுப் பயிற்சி தவிர்க்க முடியாதது. ஆனால் ஏழாண்டுக் கோடு 2028-இல்தான் வருகிறது. ஏ.டி.பி.எல்-க்கு இன்னும் 200 மணி நேரம் பாக்கி வைத்திருக்கும் இவருக்கு, அந்தக் கோட்டுக்கு முன் கருவிப் பறப்புத் தகுதியைப் புதுப்பிப்பது ஒன்றே பழைய தேர்வுகள் அத்தனையையும் காப்பாற்றும். சிறிய விமானத்தில் செய்தாலும் போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகக் கைவிடுகிறவர்கள்தான் கடைசியில் அதிகம் கொடுக்கிறார்கள்.

கை மறப்பதில்லை, வரிசை மறக்கிறது

இத்தனை விதிகள் ஏன்? விமானம் ஓட்டுவது சைக்கிள் மாதிரி மறக்காது என்று விமானிகளே சொல்வதுண்டு. பாதி உண்மை.

2014-இல் நாசா ஆய்வாளர் ஸ்டீஃபன் காஸ்னரும் அவருடைய குழுவினரும் 16 ஏர்லைன் விமானிகளை 747-400 சிமுலேட்டரில் உட்கார வைத்து, தானியங்கி வசதிகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார்கள். கருவிகளைக் கண்ணால் வருடுவதும் கையால் பறப்பதும் சற்றுத் துருப்பிடித்திருந்தாலும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. தடுமாற்றம் வந்தது வேறு இடத்தில்: வரைபடத் திரை இல்லாமல் விமானம் எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்திருப்பது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டி யோசிப்பது, ஒரு கருவி பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பது. அவர்கள் யாரும் வேலையை விட்டு விலகியவர்கள் அல்ல, அன்றாடம் பறந்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கே அப்படி என்றால் ஐந்தாண்டு விலகியவருக்கு எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். பால்வெட்டுக் கத்தியைப் பத்தாண்டு கழித்து எடுப்பவருக்குக் கை வீச்சு இரண்டு மரத்தில் வந்துவிடும். எந்த மரத்தில் எந்தப் பட்டை, இன்று எந்த நிரை என்ற கணக்குதான் குழம்பும்.

ஏ320 சிமுலேட்டரில் வழக்கமாக வைக்கும் சோதனை ஒன்றைப் பார்த்தால் இது புரியும். ஓடுபாதையில் வேகம் ஏறுகிறது. பக்கத்து இருக்கையில் இருந்து "வி ஒன்" என்று குரல். அந்த வேகத்தைத் தாண்டினால் நிறுத்தப் பார்க்கக் கூடாது, ஏறியே ஆக வேண்டும். கேப்டன் உந்துவிசை நெம்புகோலில் இருந்து கையை எடுத்துவிடுவார். அடுத்த நொடி பயிற்றுநர் ஓர் எஞ்சினைச் சாகடிக்கிறார். மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். எதிர்ப்பக்க ரட்டர் (வால் சுக்கான்) மிதியை அழுத்தி நேராக்கி, மூக்கை 12.5 பாகை அளவுக்குத் தூக்கி, விமானம் ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரத்தை மடக்கச் சொல்ல வேண்டும்.

இதுவரை கால் செய்யும், கை செய்யும். திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைக் கடந்துவிடுவார்கள். சிக்கல் அதற்குப் பிறகு. 400 அடிக்குக் கீழே எஞ்சின் கோளாறுக்கான நடைமுறையைத் தொடங்கக் கூடாது, பதற்றத்தில் தொடங்கிவிடுவார்கள். திரையின் மேல்வரியில் தானியங்கி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் படித்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்ப்பார்கள், சொல்ல மாட்டார்கள். ஒருவர் பறக்க ஒருவர் படிக்க, எந்த எஞ்சினின் நெம்புகோல் என்று இருவரும் உறுதிசெய்த பிறகே கை போக வேண்டும். இது வெறும் சடங்கல்ல. 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பேயில் டிரான்ஸ்ஏஷியா 235 விமானம் விழுந்தது, ஓர் எஞ்சின் சிக்கலானபோது ஓடிக்கொண்டிருந்த நல்ல எஞ்சினை அணைத்ததால். 43 பேர் இறந்தார்கள்.

போதாததற்கு, விலகியிருந்த காலத்தில் தொழிலும் நகர்ந்துவிடுகிறது. ஈரமான ஓடுபாதையின் நிலையை அறிவிக்கும் முறையை ஐ.சி.ஏ.ஓ. 2021 நவம்பர் 4 முதல் உலகம் முழுவதும் ஒரே மாதிரி ஆக்கியது. 2020-இல் போனவருக்கு அந்தக் குறியீடுகளே புதிது. மத்திய கிழக்கு வழித்தடங்களில் ஜிபிஎஸ் கருவியைப் போலிச் சமிக்ஞையால் ஏமாற்றுவது 2023-க்குப் பிறகு அடிக்கடி நடக்கிறது. 2025 ஜனவரியில் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்த பிறகு பவர் பேங்க் விதிகள் பல ஏர்லைன்களில் மாறின.

உடம்பு என்ற தேதி

மற்றத் தகுதிகளைப் பணம் கட்டி மீட்கலாம். மருத்துவச் சான்றை அப்படி மீட்க முடியாது. அதனாலேயே இதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பயிற்சிக்கு முன்பணம் கட்டிவிட்டு மருத்துவரிடம் போவது தலைகீழ் வேலை.

சோதனையைப் பக்கத்துக் கிளினிக்கில் செய்ய முடியாது. ஆணையம் அங்கீகரித்த விமான மருத்துவர்தான் செய்ய வேண்டும். பார்வை, காது, ரத்த அழுத்தம், சிறுநீர், இதய வரைபடம். ஐ.சி.ஏ.ஓ. அளவில் 30 முதல் 50 வயது வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் இதய வரைபடம் எடுக்க வேண்டும்.

நம்மவர்களுக்குப் பெரிய தடை இனிப்புநீர். 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். பறந்துகொண்டிருக்கும் விமானிக்கு ஆண்டுதோறும் பரிசோதனை நடப்பதால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். விலகியவர் நான்கு ஆண்டு கிராப் காரில் உட்கார்ந்து, வேளை தவறிச் சாப்பிட்டு, ஒரு நாள் திடீரென்று மருத்துவரிடம் போகிறார். உணவுக் கட்டுப்பாட்டிலோ, விமானப் பணிக்கு ஏற்ற மாத்திரையிலோ சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் வழி உண்டு. இன்சுலின் போட வேண்டிய நிலை என்றால் ஐ.சி.ஏ.ஓ. விதிப்படி தகுதி இல்லை. பிரிட்டன் போன்ற சில நாடுகள் கடும் கண்காணிப்போடு அனுமதிக்கின்றன, அவ்வளவுதான்.

பிள்ளைப்பேறுக்காக விலகும் பெண் விமானிகளின் கணக்கு வேறு. சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் 12ஆம் வார முடிவில் இருந்து 26ஆம் வார முடிவு வரை பறக்கத் தகுதி தரலாம் என்கிறது ஐ.சி.ஏ.ஓ. பரிந்துரை. அதற்கு வெளியே தரையில்தான். ஓராண்டுக்குள் திரும்பினால் இழப்பு குறைவு. நிறுவனத்திலேயே இருப்பதால் பயிற்சிச் செலவும் அவர்களுடையது.

இரண்டு செய்தியும் எப்படி உண்மையாகின்றன

இப்போது முதல் குழப்பத்துக்கு வரலாம். தட்டுப்பாடு இருப்பது 'விமானி'க்கு அல்ல, குறிப்பிட்ட வகை விமானிக்கு.

1. ஏர்லைன்கள் தேடுவது கேப்டன்களை, அல்லது அந்த விமான வகையில் கடந்த ஆறு மாதமோ ஓராண்டோ பறந்துகொண்டிருந்தவர்களை. பெரும்பாலான வேலை விளம்பரங்களில் இந்த வரி இருக்கும். 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய மலேசிய ஏர்லைனான மைஏர்லைன் 2023 அக்டோபர் 12 அன்று சேவையை நிறுத்தியது. அதன் விமானிகள் ஓட்டியது ஏ320. உலகம் முழுக்க ஓடும் விமானம், எல்லாத் தேதியும் உயிரோடு இருந்த நேரம். பழைய வகை விமானத்தோடு 2020-இல் இறங்கியவரின் நிலை அவர்களுடையதில் இருந்து வெகு தூரம்.

2. ஒருவரைத் திரும்பச் சேர்ப்பதற்குப் பயிற்றுநர் கேப்டன் வேண்டும், சிமுலேட்டர் நேரம் வேண்டும். சிமுலேட்டர் முடிந்த பிறகும் பயணிகளோடு, மேற்பார்வையில், பல வாரம் பறந்து, கடைசியில் வழித்தடச் சோதனை தேற வேண்டும். அந்த வாரங்களில் பயிற்றுநர் வேறு யாரையும் பயிற்ற முடியாது.

3. விமானம் இருந்தால்தான் விமானிக்கு வேலை. போயிங்கும் ஏர்பஸ்ஸும் தாமதமாகத் தருகின்றன. பிராட் அண்ட் விட்னி எஞ்சின் பரிசோதனையால் 2023 முதல் உலகெங்கும் ஏராளமான ஏ320நியோ விமானங்கள் தரையில் நின்றன.

4. வயது. இரு விமானிகள் ஓட்டும் அனைத்துலகப் பயணிகள் சேவையில் உச்ச வயது 65. பயிற்சி கொடுத்து ஒப்பந்தம் போடும் நிறுவனத்துக்கு 39 வயதுக்காரர் 26 ஆண்டு, 58 வயதுக்காரர் 7 ஆண்டு.

எதற்குப் பணம் போடலாம்

ஏ320 டைப் ரேட்டிங் முழுப் பயிற்சி ஒரு லட்சம் வெள்ளி அளவுக்குப் போகலாம். வேலை உறுதி இல்லாமல் அதைச் சொந்தப் பணத்தில் செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன். பயிற்சி முடிந்த நாளில் இருந்தே அதன் தேதி ஓடத் தொடங்கும். ஓராண்டுக்குள் யாரும் கூப்பிடாவிட்டால் மறுபடி சிமுலேட்டர், மறுபடி பணம். ஏற்கெனவே ஒரு வீட்டை அடமானம் வைத்த குடும்பம் இரண்டாவது முறை அந்தக் கதவைத் தட்டக் கூடாது.

மலிவான தேதிகளை விடாமல் வைத்திருப்பது வேறு விஷயம். மருத்துவச் சான்றும் ஆங்கிலத் தேர்ச்சியும் ஒப்பிடும்போது சின்னச் செலவு. கருவிப் பறப்புத் தகுதி நடுத்தரச் செலவு, ஆனால் ஏழாண்டுக் கோட்டை நினைத்தால் செய்யத் தகுந்தது. பறப்புப் பயிற்றுநர் தகுதி இருப்பவர் மலாக்காவிலோ லங்காவியிலோ கோத்தா பாருவிலோ உள்ள பறப்புப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் மணிக்கணக்கும் ஏறும், கையும் ஓயாது. நேர்முகத் தேர்வு உறுதியான பிறகு சிமுலேட்டரில் நான்கு மணி நேரம் வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்வதும் வீணல்ல. அதை ஓராண்டு முன்னதாகச் செய்தால் வீண்.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு

திரும்பச் சேர்பவர் பழைய இடத்தில் உட்கார்வதில்லை. மூப்பு வரிசையில் கடைசி ஆளாக, பெரும்பாலும் துணை விமானியின் வலது இருக்கையில் தொடங்குகிறார். முன்பு கேப்டனாக இருந்தவருக்கும் இதே கதி நேரலாம். கடைசி ஆள் என்றால் காத்திருப்புப் பணி அதிகம் வரும்: அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சுங்கை சிப்புட்டில் இருந்து சிப்பாங் விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். அதனால் வாடகை அறை ஒன்று தவிர்க்க முடியாது. பயிற்சிக் காலச் சம்பளத்தில் அதற்கும் ஒரு பங்கு போகும். சிமுலேட்டர்கள் இரவு பகலாக ஓடுவதால் அதிகாலை 2 மணிக்கு நேரம் கொடுத்தாலும் போக வேண்டியிருக்கும். கிராப் ஓட்டிக்கொண்டே பயிற்சியையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற திட்டம் அந்த வாரங்களில் நடக்காது.

இத்தனைக்கும் முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. விமானியின் பறப்புப் பதிவேடான லாக்புக்கில் உள்ள மணிக்கணக்கைப் புதிய நிறுவனம் பழைய நிறுவனத்திடம் சரிபார்க்கும். பழைய நிறுவனம் மூடப்பட்டிருந்தால் யாரிடம் கேட்பது? கடைசிச் சிமுலேட்டர் சோதனைப் படிவம், பயிற்சிப் பதிவுகள், கையொப்பமிட்ட மணிக்கணக்குக் கடிதம், விபத்தோ ஒழுங்கு நடவடிக்கையோ இல்லை என்ற கடிதம் இவற்றை வெளியேறும்போதே வாங்காதவர்கள், அங்கே பயிற்சிப் பிரிவிலோ அலுவலகத்திலோ இருந்தவர்களைத் தொடர்பு கொள்ள முடிகிற காலத்துக்குள் வாங்கிவிட வேண்டும்.